மீட்டதற்குக் கணக்கு உண்டு, வீட்டில் தங்கியதற்கு?

தொலைதூர ரயில் ஒன்று சென்னை சென்ட்ரலில் வந்து நின்றால், கால் மணி நேரத்துக்குள் பிளாட்பாரம் காலியாகிவிடும். மூட்டை முடிச்சுகளோடு எல்லோரும் வாசலைப் பார்த்து விரைவார்கள். போக இடம் இல்லாதவர் மட்டும்தான் அங்கே மிஞ்சுவார். ரயில் நிலையங்களில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் களப்பணியாளர்கள் அந்தக் கால் மணி நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கையில் பை இல்லாத பையன், முன்பின் தெரியாத குடும்பத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு நடப்பவன், குடிநீர்க் குழாயடியிலேயே வெகுநேரம் நிற்பவன், காக்கிச் சட்டையைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்குபவன் என்று அவர்களுக்குத் தெரிந்த அடையாளங்கள் சில உண்டு.

அந்த அடையாளங்கள் மற்றவர்களுக்கும் தெரியும். பட்டறைக்கும் ஓட்டலுக்கும் ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுக்குத் தெரியும். ஏற்கெனவே பிளாட்பாரத்தில் வாழும் பெரிய பையன்களுக்குத் தெரியும். இன்னும் மோசமான நோக்கத்தோடு திரிபவர்களுக்கும் தெரியும். பசியோடு இறங்கிய பத்து வயதுப் பிள்ளையிடம் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர் யாரோ, அவர் பின்னால்தான் அந்தப் பிள்ளை போகும். அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் முதல் நாளை, இன்னும் சொன்னால் முதல் சில மணி நேரத்தை, அவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்.

அந்த முதல் மணி நேரத்தைப் பொறுத்தவரை இந்தியா கடந்த சில ஆண்டுகளில் முன்னேறியிருக்கிறது. ரயிலோடும் ரயில் நிலையத்தோடும் தொடர்புக்கு வரும் குழந்தைகளை எப்படிக் கையாள்வது என்பதற்கு ரயில்வே 2015இல் தனி நடைமுறை விதிகளை வகுத்தது. 135க்கும் மேற்பட்ட நிலையங்களில் குழந்தைகள் உதவி மையங்கள் இயங்குகின்றன. ரயில்வே பாதுகாப்புப் படை ‘நன்னே ஃபரிஷ்தே’ என்ற பெயரில் நடத்தும் பணியில் 2018 முதல் 2024 மே மாதம் வரை மீட்கப்பட்ட குழந்தைகள் 84,119 பேர். 2018இல் மட்டும் 17,112 பேர்; அவர்களில் 13,187 பேர் வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள். ரயில்கள் பெரும்பாலும் நின்றுபோயிருந்த 2020இல்கூட 5,011 பேர். 2024இன் முதல் ஐந்து மாதங்களில் மீட்கப்பட்ட 4,607 பேரில் 3,430 பேர் ஓடிவந்தவர்கள். ஆண்டு எதுவானாலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தொலைந்துபோனவர்கள் இல்லை, தாங்களே கிளம்பி வந்தவர்கள் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இந்தப் பணியைச் செய்த காவலர்களையும் தொண்டர்களையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், இந்தப் பட்டியல்களில் ஓர் எண் இடம்பெறுவதில்லை. மீட்டு, வீட்டாரிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிய பிள்ளைகளில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் அந்த வீட்டில் இருக்கிறார்கள்? எத்தனை பேர் பள்ளிக்குப் போகிறார்கள்? அதே ரயிலில், இந்த முறை காக்கிச் சட்டைக்குச் சிக்காமல் இறங்கத் தெரிந்துகொண்டு, திரும்பவும் வந்தவர்கள் எத்தனை பேர்? தெருவில் வாழும் குழந்தைகளுக்கான நம் உதவியின் உண்மையான அளவுகோல் இதுதான். அதை நாம் கையில் எடுக்கவே இல்லை.

தானே கிளம்பி வந்த பிள்ளைக்கு வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. சினிமா ஆசையில் வந்தான், கடலைப் பார்க்க வந்தான், நடிகரைப் பார்க்க வந்தான் என்று செய்திகளில் படிக்கிறோம். அப்படியும் சிலர் வருகிறார்கள். ஆனால், கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் அடியில்தான் கதை போய் முடியும் என்பது இந்தத் துறையில் உழைப்பவர்களின் அனுபவம். குடித்துவிட்டு வரும் தகப்பன், அம்மாவின் மறுமணத்துக்குப் பிறகு மாறிப்போன வீடு, கடனுக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்பட்ட இடம், வீட்டுப்பாடம் எழுதாததற்குப் பிரம்பை எடுக்கும் ஆசிரியர், தேர்வில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகப் பயம். பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு 2009லேயே தடைசெய்துவிட்டது. வீட்டில் விழும் அடியை மட்டும் இன்னும் வளர்ப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புகைப்படக் கலைஞர் விக்கி ராயின் வாழ்க்கை பலரும் அறிந்தது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் பிறந்தவர். வறுமையால் பெற்றோர் அவரைத் தாத்தா, பாட்டி வீட்டில் விட்டார்கள். அங்கே அடி பொறுக்க முடியாமல், 1999இல், பதினோரு வயதில், மாமாவின் பணத்தை எடுத்துக்கொண்டு டெல்லிக்கு ரயிலேறினார். புதுடெல்லி நிலையத்தில் காலி பாட்டில்களைப் பொறுக்கி, தண்ணீர் பிடித்து, பயணிகளிடம் விற்றார். சாலையோர உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். கடைசியில் ‘சலாம் பாலக்’ அறக்கட்டளையின் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பள்ளியில் சேர்ந்தார். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தபோது படம் எடுக்கக் கற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். அந்த விருப்பத்தை அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. நியூயார்க்கில் உலக வர்த்தக மையம் மீண்டும் எழும்புவதைப் படமெடுக்க 2008இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரில் அவரும் ஒருவர்.

இப்படிப்பட்ட கதைகளை ஊடகங்கள் விரும்பிச் சொல்கின்றன. ஆனால், இதில் கவனிக்க வேண்டியது நியூயார்க்கை அல்ல. டெல்லியில் இறங்கிய பையனுக்கு ஓர் இல்லம் கிடைப்பதற்கு முன் பிளாட்பாரத்திலும் உணவகத்திலும் மாதக்கணக்கில் கழிந்த நாள்களைத்தான் கவனிக்க வேண்டும். அவரைச் சுற்றி அன்றாடம் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். அவர் நிரப்பி விற்ற தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள்.

பிளாட்பார வாழ்க்கை ஒரு பிள்ளையை என்ன செய்கிறது என்பதை உள்ளே போய்ப் பார்த்தால்தான், திரும்ப வீட்டுக்கு அனுப்புவது ஏன் அவ்வளவு கடினம் என்று புரியும். முதல் இரண்டு மூன்று நாள் அழுகையும் பயமும். பிறகு ஒரு கூட்டம் அவனைச் சேர்த்துக்கொள்கிறது. எந்த ரயிலில் எத்தனை மணிக்குப் பேன்ட்ரியில் மிச்சச் சாப்பாடு கிடைக்கும், எந்தப் பெட்டியைப் பெருக்கினால் காசு தருவார்கள், காலி பாட்டிலை எந்தக் காயலான் கடையில் போடலாம் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அன்றாடம் கையில் காசு புரளும். அதைச் சேர்த்துவைக்க இடம் கிடையாது. இரவில் பெரியவன் பிடுங்கிக்கொள்வான் என்பதால் மாலைக்குள் செலவழித்தாக வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கு பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனுக்குப் போகிறது. துணியில் ஊற்றி முகர்ந்தால் பசி தெரியாது, குளிர் தெரியாது, அம்மா ஞாபகம் வராது. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது சிறார் நீதிச் சட்டம். ஆனால், பஞ்சர் பசை எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

ஆனாலும், அங்கே அவனுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. சம்பாதிக்கிறான். கேட்பாரில்லை. அடித்தால் திருப்பி அடிக்கலாம், அல்லது வேறு நிலையத்துக்கு ரயிலேறிவிடலாம். “ஹோம்ல போட்டுடுவாங்க” என்பதுதான் தெருவில் வாழும் பிள்ளைகளின் பெரிய பயம்; பசியைவிடவும் பெரிது. பூட்டிய கதவும் உயர்ந்த சுவருமாக இருந்த பழைய இல்லங்களைப் பற்றிய நினைவு, பார்க்காதவர்களிடமும் கதையாகப் பரவியிருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்காமல் செய்யும் மீட்பு, பிள்ளையின் கண்ணுக்குப் பிடித்துக்கொண்டு போவதாகத்தான் தெரியும்.

சட்டம் இதையெல்லாம் அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, தெருவில் தனியாக இருக்கும் குழந்தையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. குழு கூடாத நேரத்தில் ஓர் உறுப்பினரின் முன்னிலையில்கூட ஒப்படைக்கலாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும். ஆதரவற்ற குழந்தையைக் கண்டும் தெரிவிக்காமல் விடுவது குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம் என்பவையும் அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகள். வீட்டில் சேர்த்த பிறகு தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றும் விதிகள் சொல்கின்றன.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சரூ பிரையர்லியின் கதையை ‘லயன்’ திரைப்படம் உலகுக்குச் சொன்னது. 1986இல், ஐந்து வயதில், மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவைச் சேர்ந்த அந்தச் சிறுவன் அண்ணனோடு புர்ஹான்பூர் வந்து, நின்றிருந்த ரயிலில் தூங்கிப்போய், ஹவுரா வந்து சேர்ந்தான். கொல்கத்தாவின் தெருக்களில் வாரக்கணக்கில் அலைந்தான். தன் ஊரின் பெயரையும் தன் பெயரையும்கூட அவனால் சரியாக உச்சரிக்க முடியவில்லை. அவன் பேசியது இந்தி. சுற்றிலும் இருந்தவர்கள் பேசியது வங்காளம். ஊரைக் கண்டுபிடிக்க முடியாமல் தத்துக் கொடுத்தார்கள். அவர் தானே கூகுள் எர்த்தில் தண்டவாளங்களைத் தொடர்ந்து தேடித் தன் ஊரைக் கண்டுபிடிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவருடைய தாய் அதே ஊரில்தான் காத்திருந்தார்.

சென்னைக்கு வந்து சேரும் பிள்ளைகளில் பிஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. போஜ்புரியோ சந்தாலியோ பேசும் பிள்ளையிடம் அரைகுறை இந்தியில் கேட்டால் பாதி விவரம் விட்டுப்போகும். அனுபவமுள்ள பணியாளர்கள் ஊர்ப் பெயரைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கோயில், சந்தை எந்தக் கிழமை, ஆற்றைக் கடக்கப் பாலமா படகா, ரயிலேறிய நிலையத்தில் எத்தனை பிளாட்பாரம் என்று துருவுவார்கள். இந்தத் திறமை உள்ளவர்களை ஒப்பந்தக் கூலியில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் மாற்றுவது பெரும் இழப்பு.

கண்டுபிடித்துச் சேர்ப்பதைப் பற்றி ஆழமாக யோசித்த அமைப்புகளில் ஒன்று, 1992இல் கர்நாடகத்தின் ராய்ச்சூரில் தொடங்கிய ‘சாத்தி’. தெருவிலேயே வைத்து உதவுவதைவிடக் கூடுமானவரை வீட்டோடு சேர்ப்பதே நல்லது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அன்றே வந்திறங்கிய பிள்ளையைச் சில நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பிளாட்பாரத்தில் இருந்துவிட்ட பிள்ளைக்கு அது சரிவராது. அப்படிப்பட்டவர்களைக் கூட்டமாக ஒரு முகாமுக்கு அழைத்துப்போய், ஏறக்குறைய ஒரு மாதம் விளையாட்டும் பாட்டும் பேச்சுமாக வைத்திருப்பார்கள். போதைப் பழக்கத்திலிருந்து விலக அந்த நாள்கள் உதவும். வீட்டைப் பற்றிப் பேச்செடுக்கவே சில பிள்ளைகளுக்கு வாரங்கள் ஆகும். முடிவில் பெற்றோரை வரவழைத்து, பிள்ளையின் சம்மதத்தோடு ஒப்படைப்பார்கள். ஏன் போனாய் என்று கேட்டு அங்கேயே அடிக்கக் கையை ஓங்கும் தகப்பனிடமும் பேச வேண்டியிருக்கும். இந்தப் பேச்சுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஆனால், பிள்ளை வீட்டில் தங்குவதும் தங்காததும் பெரும்பாலும் அதைப் பொறுத்திருக்கிறது.

இன்னொரு பகுதி காசைப் பொறுத்தது. வறுமையால் வேலைக்குப் போன பிள்ளையை அதே வறுமைக்குத் திருப்பி அனுப்பினால் அவன் மறுபடி கிளம்பத்தான் செய்வான். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஆதரவு தேவைப்படும் குழந்தையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் தரலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமங்களில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது என்பது நிபந்தனை. வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று எல்லாம் வேண்டும். பிள்ளை வீடு திரும்பிய அதே வாரத்தில் இந்த மனுவையும் எழுதிக் கொடுத்தால் சில மாதங்களில் உதவி வந்து சேரக்கூடும். எழுதிக் கொடுக்க யாரும் இல்லையென்றால், அப்படியொரு திட்டம் இருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் போகும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எப்படிப் பிறந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மும்பையில் தெருவில் வாழும் பிள்ளைகளோடு பழகிய ஜெரூ பில்லிமோரியா தன் வீட்டுத் தொலைபேசி எண்ணை அவர்களிடம் கொடுத்திருந்தார். நள்ளிரவில் அழைப்புகள் வந்தன. காய்ச்சல், அடிதடி, போலீஸ், சில சமயம் வெறுமனே பேச ஆள் வேண்டும் என்பதற்காக. அதிலிருந்து 1996இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் துணையோடு சைல்டுலைன் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் பரவியது. 2023இல் அது தொண்டு அமைப்புகளின் கையிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு மாறி, 112 என்ற அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. நிரந்தர நிதியும் அரசின் பொறுப்பும் கிடைப்பது நல்லதே. ஆனால், இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் புகாரைப் பதிவுசெய்பவராக மட்டும் இருந்துவிடக் கூடாது. அவசரம் எதுவும் இல்லாத, பேசுவதற்கு மட்டும் வந்த அழைப்புகளிலிருந்தும்தான் இந்த எண் பிறந்தது.

பிள்ளைகளின் பேச்சைக் கேட்ட இடங்களில் நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகே லொரேட்டோ பள்ளி இருக்கிறது. வசதியான வீட்டுப் பெண்கள் படித்த பள்ளி அது. அயர்லாந்தில் பிறந்த அருட்சகோதரி சிரில் மூனி 1979இல் அதன் முதல்வரானார். பள்ளிக் கதவுக்கு வெளியே தெருவில் பிள்ளைகள் வாழ்வதைப் பார்த்துக்கொண்டு உள்ளே பாடம் நடத்த அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1985இல் ‘ரெயின்போ’ பள்ளியைத் தொடங்கினார். தெருவில் வாழும் சிறுமிகள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பள்ளி மாணவிகளே ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். போக இடமில்லாத சிறுமிகள் பள்ளியிலேயே தங்கவும் இடம் கிடைத்தது. கட்டணம் கட்டிப் படிப்பவர்களும் இலவசமாகப் படிப்பவர்களும் ஏறக்குறைய சரிபாதி என்ற நிலைக்குப் பள்ளியைக் கொண்டுவந்தார். 2007இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2023இல் மறைந்தார். சியால்தாவில் முடிந்தது எழும்பூரிலும் மதுரையிலும் கோவையிலும் முடியாதா? ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பெரிய பள்ளிகள் இல்லாத நகரம் தமிழகத்தில் உண்டா?

டெல்லியில் தெருவோரச் சிறாரும் உழைக்கும் சிறாரும் சேர்ந்து 2003 முதல் ‘பாலக்நாமா’ என்ற செய்தித்தாளை நடத்துகிறார்கள். தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடக்கும் உடல்களை எடுக்க நிலையத்துச் சிறுவர்களைப் போலீசார் பயன்படுத்தியதை அந்தத் தாள்தான் வெளியே கொண்டுவந்தது. பெரிய நாளிதழ்கள் அதன் பிறகே எழுதின. சென்னை ‘கருணாலயா’ தொண்டு அமைப்பின் சிறார் இடம்பெற்ற தென்னிந்திய அணி, 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறாருக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை வென்றது. 2023இல் அந்தப் போட்டி சென்னையிலேயே நடந்தது. ஆனால், லார்ட்ஸ் மைதானத்துக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். நடைபாதையில் பிறந்த பிள்ளைக்கு அதைப் பெறுவதே பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், அதன் பிறகு பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றையே ஆதாரமாக்கியிருக்கிறது. தெருவில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை அன்றே பதிவுசெய்வது இனி இரட்டிப்பு அவசரம்.

நடைபாதையில் பிறந்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, ஓடிவந்த பிள்ளைக்குச் சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. தனியாகத் தெருவில் வாழ்பவர்கள், பகலில் தெருவிலும் இரவில் குடிசையிலும் இருப்பவர்கள், குடும்பத்தோடு தெருவிலேயே வாழ்பவர்கள் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மூன்று வகையாகப் பிரிக்கிறது. சென்னையின் பாரிமுனை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. மூட்டை தூக்குவதும் மீன்பாடி வண்டி ஓட்டுவதும் பூ கட்டுவதும் சந்தையில் சில்லறை வேலைகளும் அவர்கள் பிழைப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லாரும் இருக்கிறார்கள்; கூரைதான் இல்லை. அவர்களை மீட்பது என்று சொல்லிக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பது கொடுமை. தெருவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக அள்ளிக்கொண்டு போவதை, 2017இல் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு வெளியிட்ட 21ஆவது பொதுக் கருத்துரையும் கண்டிக்கிறது.

அவர்களுக்கு வேண்டியது வீடு. அதுவும் பிழைப்பு நடக்கும் தூரத்தில். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் வீடு ஒதுக்கினால், இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் பாரிமுனைக்கு எப்படி வருவார்கள்? வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புகிறார்கள். பிள்ளையின் பெயர் ஒரு பள்ளியில், பிள்ளை இன்னோர் இடத்தில் என்று படிப்பு அறுந்துபோகிறது. 2022இல் உச்ச நீதிமன்றம் தெருவோரச் சிறாரை மாவட்டவாரியாக அடையாளம் காணச் சொல்லி மாநிலங்களை நெருக்கியபோது, அதற்கான இணையதளத்தில் பெயர்கள் ஏறின. பெயர் ஏறிய குடும்பங்களுக்கு அடுத்த கட்டமாக வீட்டு வசதி வாரியத்தோடும் மாநகராட்சியோடும் பேச வேண்டியவர் யார் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிளாட்பாரத்தில் நாம் காண்பது பெரும்பாலும் பையன்களை. ஆனால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் காணாமல் போனதாகப் பதிவான 83,350 குழந்தைகளில் 62,946 பேர் பெண்கள். அவர்கள் எங்கே? ரயிலிலிருந்து தனியாக இறங்கும் சிறுமி அங்கே அதிக நேரம் நிற்க விடப்படுவதில்லை என்பது பதிலின் ஒரு பகுதி. இளவயதுத் திருமணத்துக்குப் பயந்து கிளம்பியவர்களும் இதில் உண்டு. அவர்களை வீட்டில் ஒப்படைத்தால், எதற்குப் பயந்து கிளம்பினார்களோ அதே திருமணத்துக்கு ஒப்படைப்பதாகிவிடும். காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. “யாரோடாவது போயிருப்பா, ரெண்டு நாள்ல வந்துடுவா” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் காவல் நிலையம் எதுவாக இருந்தாலும், அது அந்த உத்தரவை மீறுகிறது.

பதினெட்டு வயது முடிந்ததும் என்ன என்பது அடுத்த கேள்வி. மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ 1988இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதில் டீக்கடைப் பையனாக நடித்த ஷஃபீக் சையது, தானே பெங்களூரிலிருந்து மும்பைக்கு ஓடிவந்தவர். சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது பெற்றார். பிறகு சினிமாவில் இடம் கிடைக்காமல் பெங்களூருக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். அதே படத்தின் வருமானத்திலிருந்து பிறந்த சலாம் பாலக் அறக்கட்டளைதான் பிற்பாடு விக்கி ராய் போன்றவர்களைத் தாங்கிப் பிடித்தது. திறமை இருவரிடமும் இருந்தது. வளரும் வயதில் கூடவே இருந்து பள்ளியிலும் தொழிலிலும் சேர்த்துவிட ஆள் இருந்தது ஒருவருக்குத்தான். இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞர்களுக்கு 21 வயதுவரை, தேவைப்பட்டால் 23 வரை, உதவலாம் என்று சட்டம் சொல்கிறது. வாடகை அறைக்கு முன்பணமும், வேலையில் சேர ஒரு சிபாரிசும், காய்ச்சல் வந்தால் வந்து பார்க்க ஓர் அண்ணனும் அந்த வயதில் எவ்வளவு தேவை என்பது, குடும்பத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் செய்ய புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவும் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு விவரங்களை வெளியிட்டால் போதும். வீட்டில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை? மூன்று மாதத்தில் நேரில் போய்ப் பார்க்கப்பட்டவர்கள் எத்தனை? ஓராண்டு முடிவில் வீட்டிலும் பள்ளியிலும் இருப்பவர்கள் எத்தனை? இரண்டாம் முறையாகக் குழுவின் முன் வந்தவர்கள் எத்தனை? இந்த நான்கும் வெளியே வந்தால், எந்த மாவட்டத்தில் பணியாளர் போதவில்லை, எங்கே உதவித்தொகை தாமதமாகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். வேற்று மாநிலப் பிள்ளைகளுக்கு அங்குள்ள குழுவிடமிருந்து இந்த விவரத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பை அனுப்பிவைத்த குழுவே ஏற்க வேண்டும்.

போய்ப் பார்ப்பதற்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு காகிதத்தில் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், சுகாதாரச் செவிலியர் எல்லோரும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் வேலை செய்பவர்கள். கிராம சபை கூடும் நாள்களில் ஒன்றில், பிள்ளையின் பெயரோ அடையாளமோ வெளியே தெரியாதபடி, இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், திரும்பியவர்களுக்கு உதவித்தொகை மனு கொடுக்கப்பட்டதா என்று அந்தக் குழு அறிக்கை வாசிக்க வேண்டும். வாசிக்கவில்லையென்றால் எழுந்து கேட்கும் உரிமை ஊரில் உள்ள ஒவ்வொரு வாக்காளருக்கும் இருக்கிறது.